பயணத்துக்கு நடுவே தோல் வேலைப் பட்டறை: எதைத் தேர்வு செய்வது, முன்கூட்டியே என்ன கேட்பது?

ரயில்பூச்சி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதப் பயணத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம். நடந்து நடந்து கால் கடுத்த பிறகு ஓர் இடத்தில் உட்கார்ந்து கையால் ஏதாவது செய்யலாம் என்பது மனைவியின் யோசனை. மண்பாண்டம் என்றால் காய்ந்து சுட்டு எடுக்கும்வரை அந்த ஊரிலேயே இருக்க வேண்டும், சமையல் வகுப்பு வேண்டவே வேண்டாம் என்கிறார், அப்படி இப்படிச் சுற்றித் தோல் வேலையில் வந்து நிற்கிறோம்.

தேடியதில் மூன்று பட்டறைகள் கிடைத்தன. ஒன்று ஒன்றரை மணி நேரம், அட்டை வைக்கும் சின்ன உறை செய்யலாம். இன்னொன்று மூன்று மணி நேரம், மடிக்கிற பர்ஸ் அல்லது பெல்ட். மூன்றாவது முழு நாள், தோள்பை. மூன்றிலும் படங்கள் ஒரே மாதிரிதான், யாரோ செய்து முடித்ததைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். எனக்குப் பை மேல் ஆசை. ஆனால் இருவருக்கும் அறுந்த சட்டைப் பொத்தானைத் தைக்கத் தெரியும், அதுதான் மொத்த அனுபவம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மெழுகுநூல்

நேரத்தையும் பொருளையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் போய் உட்காருவதற்கு முன்பே அவர்கள் என்னென்ன செய்து வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். மூன்று பட்டறைக்கும் இதே ஒரு கேள்வியை அனுப்பினால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஓர் அட்டை உறையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் அச்சு வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும், தைத்த பிறகு கைக்கு எட்டாத ஓரங்களை முதலிலேயே சீவித் தேய்த்து முடிக்க வேண்டும், பிறகு பசை தடவி ஒட்டி, ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தையலுக்குக் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல் பல் வைத்த உளியை நிறுத்திச் சுத்தியால் அடித்துத் துளை போட்டு, தைத்து, கடைசியாக வெளி ஓரங்களை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்து மெருகேற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் புதிதாக வருபவர் இத்தனையும் செய்ய வாய்ப்பே இல்லை. ஆகவே வெட்டி, ஒட்டி, துளையும் போட்டுக் கையில் கொடுப்பார்கள். நீங்கள் தைப்பீர்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் அதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பைக்கு வருவோம். தையலுக்குத் தையல் 4 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு மீட்டருக்கு 250 தையல். சின்னத் தோள்பைக்கே பக்கங்கள், அடிப்பாகம், வார் எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு மீட்டர் சர்வசாதாரணமாக வந்துவிடும். முதல் தடவை தைப்பவர் நிமிடத்துக்கு மூன்று நான்கு தையல் போட்டாலே நல்ல வேகம், கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீதி வேலை அத்தனையும் முன்பே முடிந்திருந்தால்தான் பை ஒரு நாளில் ஆகும். தையலைத் தவிர வேறு எதையும் தொடாமல் வெளியே வருவீர்கள், விரலும் வலிக்கும்.

என் யோசனை: மூன்று மணி நேரக்காரரிடம் பர்ஸுக்குப் பதிலாக அட்டை உறை செய்யலாமா என்று கேளுங்கள். மடிக்கிற பர்ஸில் உள்ளறைகள் அதிகம், தோல் மேல் தோல் அடுக்கும்போது தடிமன் கூடாமல் இருக்க ஓரங்களை மெல்லியதாகச் செதுக்க வேண்டும், அந்தச் செதுக்கல் ஒரு நாளில் கைக்கு வராது. அட்டை உறைக்கு மூன்று மணி நேரம் என்றால் வெட்டுவதிலிருந்து மெருகேற்றுவது வரை எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். 60, 70 தையல்தான் வரும்.

பெல்ட்டும் மோசமில்லை. 3 முதல் 4 மி.மீ. தடித்த தோல், தையல் குறைவு, ஓர வேலையும் துளை போடுவதும் அதிகம். சுத்தி பிடிக்க ஆசைப்படுபவருக்கு நல்லது.

நடைவண்டி

மெழுகுநூல் சொல்வது கற்றுக்கொள்ளப் போகிறவருக்குச் சரி. ஆனால் எல்லோரும் கற்றுக்கொள்ளவா போகிறார்கள்? விடுமுறையில் வந்தவன் ஒரு மதியம் ஜாலியாக உட்கார்ந்து, தன் கையால் தைத்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போக நினைக்கிறான், அதற்குத் துளை யார் போட்டால் என்ன? நாங்கள் பிள்ளைகளோடு போனபோது துளை போட்ட தோலாகக் கொடுத்ததால்தான் தையல் நேராக வந்தது, பிள்ளைகளும் அழாமல் முடித்தார்கள். அவர்களே உளியால் அடித்திருந்தால் கோடு பாம்பு போல நெளிந்திருக்கும். உறையை இன்னும் வைத்திருக்கிறார்கள், பெரியவள் நூலகச் சீட்டு வைக்கிறாள். ஒன்றரை மணி நேரத்தை அவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம் என்பது என் தரப்பு.

மெழுகுநூல்

@நடைவண்டி மட்டம் என்று சொல்லவில்லையே. பிள்ளைகளோடு போனால் நானும் அதைத்தான் எடுப்பேன். ரயில்பூச்சி பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பை வேண்டும் என்றார், அதனால் அப்படி எழுதினேன். என் சண்டை “உங்கள் பையை நீங்களே உருவாக்குங்கள்” என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத் தைக்க மட்டும் கொடுப்பவர்களோடுதான். தையல் வகுப்பு என்றே போடட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்?

தையல் மட்டும் என்றாலும் அது சேடில் ஸ்டிச்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வரும். தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும், ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர ஆரம்பிக்கும். சேடில் ஸ்டிச்சில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளை வழியாகப் போயிருப்பதால் அப்படியே நிற்கும். குதிரைச் சேணத்துக்கு இந்தத் தையலை நம்பினார்கள் என்றால் காரணம் அதுதான். சில இடங்களில் சாதாரண ஓட்டுத் தையல் போட வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, உழைப்பில் தெரியும்.

ஆவாரம்பட்டை

எல்லோரும் தையலிலேயே நிற்கிறீர்கள், என்ன தோல் தருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே! பட்டறை அனுபவத்தில் பாதியைத் தோல்தான் தீர்மானிக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் இரண்டு வகை. மரப்பட்டை, காய், இலை இவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் ஒன்று. ஓக், செஸ்நட், மிமோசா, நம் பக்கத்து ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் இதில் சேரும். குழியில் போட்டுப் பழைய முறையில் செய்தால் மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று குரோமிய உப்பில் பதனிட்டது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மெல்ல மெல்லப் பரவி, இன்று உலகத்தில் செய்யும் தோலில் பெரும்பகுதி குரோம்தான். ஓரிரு நாளில் பதனிடுதல் முடிந்துவிடும், தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் சமாளிக்கும்.

சரி, பட்டறையில் இதனால் என்ன? தாவரச் சாற்றில் பதனிட்ட தோலைத்தான் ஈரம் காட்டி முத்திரை குத்த முடியும், பெயரின் முதல் எழுத்தைப் பதிக்க முடியும். அதன் ஓரத்தை நனைத்து மரத் தேய்ப்பானால் தேய்த்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி வரும். குரோம் தோலில் முத்திரை சரியாக நிற்காது, ஓரமும் தேய்த்தால் மெருகேறாது, வண்ணம் பூச வேண்டும் அல்லது மடித்துத் தைக்க வேண்டும். ஆக “உங்கள் பெயரைப் பதிக்கலாம், ஓரத்தை மெருகேற்றலாம்” என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தாவரத் தோல் என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் பார்க்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், உள்ளே நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். எல்லாக் குரோம் தோலிலும் தெரியாது, சாயம் உள்வரை இறங்கியிருக்கலாம்.

தடிமனும் கேளுங்கள். அட்டை உறைக்கு 1 முதல் 1.5 மி.மீ. சரியாக இருக்கும். சில ஊர்களில் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள், ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ., பெருக்கிக்கொள்ளுங்கள்.

பச்சைத்தளிர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இது பிடிக்கும், ஆனால் சில விலங்குகளின் தோலைத் தொடுவதில் சங்கடம் இருக்கிறது. என்ன விலங்கு என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? தோலே இல்லாமல் இந்த வேலை செய்ய முடியுமா?

ஆவாரம்பட்டை

@பச்சைத்தளிர் தாராளமாகக் கேளுங்கள், தோலைப் பற்றித் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். மாடு, கன்று, ஆடு, பன்றி, மான் எல்லாம் புழக்கத்தில் உண்டு. வெளிப்புறம் மாட்டுத் தோலாக இருந்தாலும் உள்துணி இடத்தில் வேறு தோல் வைப்பார்கள், அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பன்றித் தோலைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம், மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

தோல் வேண்டாம் என்றால் கார்க் தாளிலும், அன்னாசி இலை நாரில் செய்யும் பொருளிலும் வேலை செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது எல்லாம் கிட்டத்தட்ட அதேதான், ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றுகிற சுகம் மட்டும் கிடைக்காது.

இடக்கைக்காரி

யாரும் எழுதாத ஒன்று. நான் இடது கை. பட்டறைகளில் எல்லோரும் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காரப் பார்ப்பார்கள், நான் நேர் எதிரில் போய் உட்காருவேன். அவர் வலது கையால் செய்வது எனக்குக் கண்ணாடியில் பார்ப்பது போல இடது பக்கமாகத் தெரியும், அப்படியே திருப்பிச் செய்துவிடலாம். சேடில் ஸ்டிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் இடக்கைக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. எந்த ஊசி முதலில் போகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கமாக நுழைகிறது, இந்த இரண்டையும் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தால் தையல் எல்லாம் ஒரே சாய்வில் விழும். நடுவில் தடுமாறினால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். பேசிக்கொண்டே தைக்காதீர்கள் என்று சொல்வேன், ஆனால் பேசாமல் இருக்க முடியாது, அது வேறு விஷயம்.

இன்னொன்று, மெழுகு தடவிய நூலை இறுக்கி இழுக்கும்போது சுண்டு விரல் மடிப்பில் நூல் அறுக்கும். ஒட்டுப் பட்டை இரண்டு எடுத்துப் போங்கள்.

சுங்கவழி

பயணம் என்பதால் பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை முடிந்ததும் ஆர்வத்தில் கருவி வாங்குவீர்கள், எல்லோரும் வாங்குவார்கள். கத்தி, குத்தூசி, பல் உளி எதுவாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் முனையைச் சுற்றி அட்டை கட்டிப் போடுங்கள். செக்-இன் பெட்டியே இல்லாமல் போகிறவர் கருவி வாங்குவதை மறந்துவிடுவது நல்லது. தோலுக்குப் போடும் கான்டாக்ட் பசையைப் பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானில் செய்கிறார்கள், அதை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. மெழுகு, நூல், ஊசிக்குச் சிக்கல் இல்லை.

முதலை, மலைப்பாம்பு மாதிரி அபூர்வத் தோலில் செய்யலாம் என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி அவற்றில் பல இனங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவைப்படலாம், அது இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிபோகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாக வருகிறவர்கள் விலங்குப் பொருள் எதையும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது. பதனிட்டு முடித்த தோலுக்குப் பொதுவாகத் தொல்லை வராது, பதனிடாத பச்சைத் தோலுக்குத்தான் வரும்.

கிழக்குஜன்னல்

ஊர் இன்னும் முடிவாகவில்லை என்றால் தோலோடு பிறந்த ஊர்கள் பக்கம் பயணத்தைத் திருப்பலாமே. ஃப்ளாரன்ஸில் சாந்தா குரோச்சே பேராலயத்தை ஒட்டிய மடத்தில் ஒரு தோல் பள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க, பிரான்சிஸ்கன் துறவிகளும் கோரி, கசினி என்ற இரண்டு தோல் தொழில் குடும்பங்களும் சேர்ந்து 1950இல் ஆரம்பித்தது. அங்கிருந்து பீசா போகும் வழியில் இருக்கும் சாந்தா குரோச்சே சுல்லார்னோ என்ற ஊர் பதனிடும் தொழிலாலேயே வாழ்கிறது. பேர் ஒரே மாதிரி இருப்பதால் வண்டி மாறி ஏறிவிடாதீர்கள், ஒன்று பேராலயம், இன்னொன்று ஊர்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் சௌவாரா பதனிடும் களம் இருக்கிறது. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த கல்தொட்டிகளில் தோலை ஊறவைப்பதை மாடியிலிருந்து பார்க்கலாம், ஏறும்போதே கையில் புதினா கொத்து கொடுப்பார்கள், மூக்கில் வைத்துக்கொள்ளத்தான். ஜப்பானின் ஹிமேஜியில் உப்பும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயும் கொண்டு செய்யும் வெள்ளைத் தோல் பழம்பெருமை உள்ளது.

என் கருத்தில், பதனிடும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறையில் உட்காருவது தனி. கையில் இருக்கிற அந்தச் சின்னத் துண்டை வீணாக்கவே மனசு வராது, அச்சை நாலு தரம் நகர்த்தி வைத்துப் பார்ப்பீர்கள்.

நடைவண்டி

புதினா எல்லாம் பேருக்குத்தான். அந்த நாற்றத்துக்கு ஒன்றும் நிற்காது.

ரயில்பூச்சி

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மெழுகுநூல் சொன்ன கேள்வியை மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். பைக்காரர் நேர்மையாகவே எழுதினார், தோல் வெட்டித் துளை போட்டுத் தயாராக இருக்கும், நீங்கள் தைத்து வார் பொருத்துவீர்கள் என்று. ஒன்றரை மணி நேரக்காரரிடமிருந்து அதே விளம்பரப் படம் திரும்பி வந்தது. மூன்று மணி நேரக்காரர்தான் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டார், இதற்கு முன் கத்தி பிடித்திருக்கிறீர்களா, கண்ணாடி போடுகிறீர்களா, எத்தனை அட்டை வைக்கப் போகிறீர்கள் என்று. அட்டை உறைக்கும் சரி சொன்னார், தோல் மாட்டுத் தோல், தாவரச் சாற்றில் பதனிட்டது, 1.2 மி.மீ. அங்கேயே முன்பதிவு செய்துவிட்டோம். மனைவி பெல்ட் செய்கிறார்.

கடைசியாக ஒன்று, போவதற்கு முன் ஏதாவது தயார் செய்ய வேண்டுமா? கருவி ஏதாவது வாங்கினால் எது?

மெழுகுநூல்

கண்ணாடி பற்றிக் கேட்டார் பாருங்கள், அந்த ஆளை நம்பலாம். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க எந்தக் கண்ணாடியைப் போடுவீர்களோ அதை மறக்காமல் கொண்டுபோங்கள், மங்கலான வெளிச்சத்தில் துளை தெரியாமல் திணறுபவர்கள் நிறைய.

தயாரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் தினமும் வைத்திருக்கும் அட்டைகளையே எடுத்துப் போங்கள். வங்கி அட்டை 85.6க்கு 54 மி.மீ., எல்லா நாட்டிலும் ஒரே அளவு, ஆனால் எத்தனை அட்டை அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து உறையின் அகலம் மாறும். புதிதாகத் தைத்த உறை இறுக்கமாகத்தான் இருக்கும், போகப் போகத் தளரும், அதற்காக முதலிலேயே அகலமாக வெட்டினால் பிற்பாடு அட்டை வழுக்கி விழும். மனைவியிடம் இப்போது கட்டுகிற பெல்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள், இடுப்பை அளப்பதைவிட, பக்கிளிலிருந்து வழக்கமாக மாட்டுகிற துளை வரை அளப்பதுதான் சரியாக வரும்.

உளியை அடிக்கும்போது செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள், சாய்ந்தால் முன்பக்கத் துளை நேராக இருந்தும் பின்பக்கம் கோணலாகப் போகும். அடுத்த அடிக்கு உளியின் முதல் பல்லை முந்தைய கடைசித் துளையிலேயே வைத்தால் இடைவெளி மாறாது. இதை அவரே சொல்லிக்கொடுப்பார், இருந்தாலும் காதில் போட்டுவைக்கிறேன்.

கருவி என்றால் நான் உளி செட் வாங்கச் சொல்ல மாட்டேன். ஊர் திரும்பிய பிறகும் இதைத் தொடுவீர்களா என்று அந்த உற்சாகத்தில் தெரியாது. முனை மழுங்கிய தோல் ஊசி இரண்டு, ஒரு சுருள் மெழுகு நூல் 0.6 அல்லது 0.8 மி.மீ., இவ்வளவு போதும். முடிந்தால் அவரிடமே கழிவுத் தோல் துண்டு கொஞ்சம் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். நூல் வெட்டும்போது தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு எடுங்கள், தடித்த தோல் என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

இடக்கைக்காரி

செய்ததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் போடாதீர்கள். ஓரம் நனைத்துத் தேய்த்திருப்பீர்கள், ஈரம் உள்ளே நின்றால் பூஞ்சை வரும். துணியில் சுற்றி வையுங்கள்.

ரயில்பூச்சி

சாயம் போடாத தோல் என்கிறார், வெயிலில் கறுத்துப் போகுமா?

ஆவாரம்பட்டை

கறுக்கும், தேன் நிறத்துக்கு வந்து பிறகு பழுப்பாகும். வெயிலும் கைப்பட்ட எண்ணெயும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரே பக்கம் வெயில் படும்படி ஜன்னலோரம் வைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், அவ்வளவுதான். தண்ணீர்ச் சொட்டு பட்டால் கறை விழும், அதை மட்டும் ஈரத்துணியால் முழுப் பரப்பையும் லேசாகத் துடைத்து நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் கலந்துவிடும். ஹேர் டிரையர் காட்ட வேண்டாம், தோல் விறைத்துப் போகும்.